இரண்டு நான்கு சைபர்

தியோடருக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் அதை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொள்வார். எங்கள் கேன்டீனில் மேஜை துடைக்கிற துணியை ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்று வருஷம் அங்கே சாப்பிடாமல் இருந்தார். லிங்கராஜபுரத்திலிருந்து பீன்யாவுக்கு இரண்டு பஸ் மாறி டிபன் டப்பாவைச் சுமந்துகொண்டு வருவார். நாங்கள் கேலி செய்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் அவரை உண்மையில் குமட்ட வைத்தது கம்ப்யூட்டரில் கிடந்த ஃபைல்களின் பெயர்கள்தான்.

பீன்யாவில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கான ஸ்டெரிலைசர் செய்தது. ஆபரேஷன் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி உள்ளே வைத்து, நீராவியில் கிருமி சாகும்வரை வேகவைக்கிற எஃகு உருளை. அதன் முகப்பில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் போர்டு, போர்டில் ஒரு சிப், சிப்புக்குள் புரோகிராம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எப்போது பச்சை விளக்கு எரியலாம் என்பதெல்லாம் அந்தப் புரோகிராம் முடிவு செய்வது. நான் அங்கே ஸ்டோர்ஸில் இருந்தேன். தியோடர் 1996-இல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு வந்து சேர்ந்தார். இன்ஜினியர்கள் கொடுக்கும் புரோகிராமைச் சிப்பில் ஏற்றி, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதில் வெர்ஷன் நம்பரைப் பேனாவால் எழுதுவதுதான் அவர் வேலை.

அந்த நம்பர் ரவிக்குமார் என்ற இன்ஜினியரின் வாயிலிருந்து வரும். ரவிக்குமார் கெட்டவன் இல்லை, அப்போது இருபத்து நாலு வயது, அவசரக்காரன். ஃபைனல் என்று ஒரு ஃபைல் வைத்திருப்பான். அதில் ஒரு வரி மாற்றினால் ஃபைனல் ஒன்று. பிறகு நியூ ஃபைனல். பிறகு ஒன்றில் அவன் பெயர், இன்னொன்றில் அவன் அக்கா குழந்தையின் பெயர். எதைச் சிப்பில் ஏற்றுவது என்று தியோடர் கேட்டால், நேற்று மத்தியானம் மாற்றியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பான். நம்பர் என்ன என்று கேட்டால் இரண்டு புள்ளி மூன்று என்பான். ஆறு மாதமாக அது இரண்டு புள்ளி மூன்றாகவே இருந்தது.

ஒரு நாள் ஹாசனிலிருந்து ஒரு புகார் வந்தது, தும்கூரிலிருந்து வேறொன்று. இரண்டு மெஷினிலும் அதே நம்பர் ஒட்டிய சிப். ஒன்றில் மணி அடிக்கிறது, மற்றதில் அடிக்கவில்லை. சிப்பில் ஏற்றியவன் தவறு என்று சர்வீஸ்காரர்கள் தியோடர் பக்கம் கையைக் காட்டினார்கள். திரும்பி வந்த பழைய சிப்புகளை அவர் என்னிடமிருந்து கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் படித்து ஒப்பிட்டார். இரண்டு புள்ளி மூன்று என்ற ஒரே பெயரில் ஐந்து வேறு வேறு புரோகிராம்கள் இருந்தன. அந்த ஐந்து ஸ்டிக்கரிலும் இருந்தது அவருடைய கையெழுத்து. அன்று அவர் கை கழுவும் இடத்தில் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன்.

ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது, எல்லாம் தட்டச்சில் கொடுக்கிற கட்டளைதான். அதில் உட்கார்ந்து, அந்தக் கட்டளைகளைக் கோத்து எட்டு மாதம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். யாரும் கேட்டு எழுதவில்லை. சாப்பாட்டு வேளையில் எழுதுவார், ஸ்ட்ரைக் அன்று எழுதுவார், புரோகிராம் ஏறிக்கொண்டிருக்கும் இடைவேளையில் எழுதுவார்.

முடிந்தபோது அது ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக் கட்டளை, ரிலீஸ் என்பதன் சுருக்கம். ரெல் என்று அடித்து எண்டர் தட்டினால் போதும். இன்ஜினியர்கள் எல்லோரும் தங்கள் புரோகிராமை ஒரே பொது இடத்தில் பதிந்து வைக்க வேண்டும். பதியாத மாற்றம் ஒரு வரி இருந்தாலும் கட்டளை வேலை செய்யாது. என்ன மாறியது என்று அது ஒரு கேள்வி கேட்கும். பழுது நீக்கினதாகச் சொன்னால் கடைசி எண் ஒன்று கூடும், புதிய வசதி என்றால் நடு எண், போர்டே மாறியிருந்தால் முதல் எண். பிறகு அதுவே புரோகிராமைக் கட்டி, நம்பரை அதற்குள் வைத்து, சிப்பில் ஏற்றி, ஏற்றியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்து, ஸ்டிக்கரையும் அச்சடிக்கும். மெஷினுக்குக் கரண்ட் கொடுத்ததும் முகப்பில் முதலில் தெரிவது அந்த நம்பர்தான். முன்பு அரை நாள் ஆன வேலை நாலு நிமிஷத்தில் முடிந்தது. எதுவும் மாறாவிட்டால் அதே நம்பரில் எத்தனை சிப் வேண்டுமானாலும் ஏற்றும்; ஆனால் ஒரு புரோகிராமுக்குக் கொடுத்த நம்பரை வேறொன்றுக்குக் கொடுக்காது. கையால் நம்பர் எழுத அதில் இடமே கிடையாது.

ரவிக்குமாருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. மாற்றத்தைப் பதியாமல் வந்து நிற்பான், கட்டளை மறுத்துவிடும்.

"குரு, உங்க ஸ்கிரிப்ட்டு என்ன போலீஸா?" என்று ஒரு நாள் கேட்டான். பெங்களூர்ப் பையன்கள் எல்லோரையும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

தியோடர் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டே, பதிந்துவிட்டு வரச் சொன்னார். இரண்டு மாதத்தில் ரவிக்குமாருக்குப் பழகிவிட்டது. எந்த மெஷினில் எது ஓடுகிறது என்று இப்போது ஒரே நிமிஷத்தில் தெரிகிறது என்று அவனே மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் தியோடர் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தார் என்று நினைக்கிறேன். கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து டீகூடக் குடித்தார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது 2.3.7. அதில் இருந்த ஒரு பழுதை ரவிக்குமாரே கண்டுபிடித்தான். போர்டில் பேட்டரியோடு ஒரு கடிகாரம் உண்டு. கரண்ட் போனாலும் அது ஓடும். மூட்டை இருபது நிமிஷம் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது நிமிஷத்தில் கரண்ட் போய், பதினெட்டு நிமிஷம் கழித்து வந்தால், அந்தப் பதினெட்டையும் சேர்த்து எண்ணி, இருபது தாண்டிவிட்டது என்று புரோகிராம் பச்சை விளக்கைப் போட்டுவிடும். உள்ளே இருப்பது வேகாமலே வெந்ததாகிவிடும். கோடையில் கரண்ட் தினமும் போகிற ஊர் நம்முடையது. ரவிக்குமார் பதறிப்போய் உட்கார்ந்து திருத்தினான். கரண்ட் போய் வந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும், திரையிலும் அதைச் சொல்ல வேண்டும். திரையில் சொல்வது புதிய வசதி என்பதால் அதற்கு 2.4.0 என்று நம்பர் வரப்போவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு தர்ம டிரஸ்ட்டிடமிருந்து அறுபது மெஷினுக்கு ஆர்டர் வந்தது. பெங்களூரைச் சுற்றியுள்ள சின்ன நர்சிங் ஹோம்களுக்குக் கொடுப்பதற்காம். டிரஸ்ட்டில் விஷயம் தெரிந்த யாரோ இருந்தார்கள்; 2.4 அல்லது அதற்கு மேல்தான் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் டெலிவரி. மார்ச் மூன்றாம் வாரம் திருத்திய புரோகிராமைச் சோதித்தபோது, கரண்ட் திரும்பி வந்ததும் சில தடவை கதவுப் பூட்டு திறக்காமல் சிக்கியது. இன்னும் மூன்று வாரமாவது வேண்டும் என்றான் ரவிக்குமார்.

புரொடக்ஷன் மேனேஜர் சுந்தரேசன் அன்று தியோடரின் மேஜைக்கே வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். 2.3.7-ஐயே எடுத்து, 2.4.0 என்ற நம்பர் போட்டு அறுபது சிப் செய்ய முடியுமா என்று கேட்டார். கட்டளை அதற்கு விடாது என்றார் தியோடர்.

"கட்டளையை நீங்கதானே எழுதினேள்?" என்றார் சுந்தரேசன். "ஏப்ரல்ல நம்ம பசங்களே போய் சிப்பை மாத்திடப் போறா. நம்பர் மட்டும் இப்போ வரட்டும். நாம ஒண்ணும் பொய் சொல்லலை தியோடர். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்றோம், அவ்வளவுதான்."

முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பல மாதம் கழித்து நானே கேட்டேன். "நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்தாரு. அதுவரைக்கும் ஆபீசர் யாரும் அந்த டேபிள்கிட்ட வந்து உக்காந்ததில்ல" என்றார். சொல்லும்போது தன்னைப் பற்றியே கெட்ட நாற்றம் அடிக்கிற எதையோ சொல்வதுபோல மூக்கைச் சுருக்கினார்.

பத்து நிமிஷத்தில் ஸ்கிரிப்டில் புதிதாக ஒரு வாசல் வைத்தார். கட்டளைக்குப் பின்னால் ஒரு எழுத்தைச் சேர்த்து அடித்தால், அது எதையும் கேட்காமல், கையால் கொடுத்த நம்பரை வாங்கிக்கொள்ளும். அந்த மாற்றத்தைப் பதிந்தபோது வழக்கமான கேள்வி வந்தது, என்ன மாறியது என்று. ஒரு புள்ளி வைத்து எண்டர் தட்டினார். அறுபது சிப்பையும் நான்தான் ஸ்டோர்ஸிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். அச்சடித்த ஸ்டிக்கர்கள் அழகாக, ஒரே அளவாக இருந்தன. டிரஸ்ட்டின் ஆள் வந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் கரண்ட் போட்டு, திரையில் 2.4.0 வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் கடைசியில் உண்மையான திருத்தம் தயாரானது. 2.4.0 ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று கட்டளை அந்த நம்பரைத் தர மறுத்தது. 2.4.1 என்று வெளியானது. தியோடர் அதை எடுத்துக்கொண்டு சுந்தரேசனிடம் போய், சர்வீஸ்காரர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்டார். சுந்தரேசன் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். அவர்கள் 2.4.0 என்று கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், இப்போது போய் மாற்றினால் எதற்கு என்று கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது? புதிதாகப் போகிற மெஷின்களில் 2.4.1 போகட்டும் என்று முடித்துவிட்டார். தியோடர் திரும்பி வந்து தன் மேஜையில் உட்கார்ந்தார். மறுபடியும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஹொஸ்கோட்டையில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து கதவு ரப்பர் கசிகிறது என்று போன் வந்தது. சர்வீஸில் ஆள் இல்லை. ஒரு ரப்பர் வளையத்தை மாற்றத்தானே என்று தியோடரை அனுப்பினார்கள். அன்று நடந்ததை அவர் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

பத்துப் படுக்கை உள்ள இடம். ஸ்டெரிலைசர் இருந்தது பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில். அதை ஓட்டுகிறவர் சந்திரம்மா என்ற ஆயா. கோலார் பக்கத்துத் தமிழ்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ரப்பரை மாற்றி முடித்ததும், சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று சந்திரம்மா ஒரு மூட்டையை உள்ளே வைத்து ஓட்டினார். சூடு ஏறி, நிமிஷம் எண்ண ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆபரேஷன் அறை விளக்குக்கு மட்டும்தான். இருவரும் இருட்டில் காத்திருந்தார்கள். இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. திரையில் 2.4.0 வந்தது. அடுத்த நிமிஷமே மணி அடித்துப் பச்சை விளக்கு எரிந்தது.

"கரண்ட் போயி வந்தா இந்த மெஷின் சுள்ளு சொல்லுது சார்," என்றார் சந்திரம்மா. சுள்ளு என்றால் கன்னடத்தில் பொய்.

கதவைத் திறந்து மூட்டையை எடுத்துத் தியோடரின் கையில் வைத்தார். துணி ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. பழைய ரத்தத்தின் வாடை அதிலிருந்து வந்தது. மூட்டையில் ஒட்டியிருந்த டேப்பைச் சந்திரம்மா விரலால் காட்டினார். நன்றாக வெந்திருந்தால் அதில் கறுப்புக் கோடுகள் எழ வேண்டும். மங்கலாக ஏதோ இருந்தது, கோடு என்று சொல்ல முடியாது.

"நான் பச்சை லைட்டை நம்பறதில்ல. கோடு கறுக்கலேன்னா மறுபடியும் வெச்சுருவேன்."

"நீங்க இல்லாத அன்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு டேப்பு கீப்பு ஒண்ணும் தெரியாது சார். பச்சை லைட்டு பாத்தா எடுத்துருவாங்க."

வார்டு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சிசேரியன் ஆன ஒரு பெண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தையல் பழுத்திருந்தது. அந்த நாற்றம் வாசல்வரை வந்தது. இந்த மாதம் இது மூன்றாவது ஆள் என்றும், கையை நன்றாகக் கழுவுங்கள் என்று டாக்டர் தங்களைத்தான் திட்டுகிறார் என்றும் சந்திரம்மா சொன்னார். கத்தியால்தான் பழுத்ததா, தண்ணீராலா, கையாலா என்று தியோடருக்குத் தெரியாது. யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். சந்திரம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். யாருடைய சொம்பு என்று கேட்காமல் வாய்வைத்துக் குடித்ததாகத் தியோடர் என்னிடம் சொன்னார்.

போகும்முன் அவர் சந்திரம்மாவிடம் ஒன்றை மட்டும் சொன்னார். அந்த நம்பர் தப்பு, போட்டது நான்தான், அடுத்த வாரம் வந்து மாற்றுகிறேன், அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கும் டேப்பைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். சந்திரம்மா அதிர்ச்சி அடையவில்லை. சரி, வாங்க, என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் காலையில் தியோடர் கம்பெனிக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வாசலை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்தார். பிறகு சுந்தரேசனின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஊர்ல தண்ணியே அழுக்கு," என்றார் சுந்தரேசன். "ஆஸ்பத்திரி அழுக்கை எல்லாம் நம்ம தலைல ஏன் போட்டுக்கறேள்?"

"அழுக்கு நம்மகிட்ட இருந்துதான் போச்சு சார். என் கையாலதான் போச்சு," என்றார் தியோடர்.

சுந்தரேசன் மேஜைமேல் இருந்த பேப்பர்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சிப்பை மாற்றக்கூடாது என்றும் சொல்லவில்லை, மாற்று என்றும் சொல்லவில்லை. வெளியே வந்த தியோடரின் முகம், கேன்டீன் துணியைப் பார்த்த அன்று இருந்ததைவிடக் கேவலமாக இருந்தது.

என்னிடம் வந்து அறுபது சிப் வேண்டும் என்றார். பொருள் எடுக்கக் கையெழுத்தோடு வர வேண்டிய இன்டென்ட் சீட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. மார்ச்சில் இன்டென்ட் இருந்தது, முறையாகக் கையெழுத்து இருந்தது, கொடுத்தேன். அதனால் என்ன சுத்தமாகிவிட்டது? எந்த மெஷின் எந்த ஊருக்குப் போனது என்ற பட்டியலையும் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரிலிருந்து எழுதிக் கொடுத்தேன். அவர் ரெல் என்று அறுபது தடவை அடித்தார். அறுபது தடவையும் 2.4.1 வந்தது.

முதலில் ஹொஸ்கோட்டைக்குப் போனார். பிறகு தன் லீவு நாட்களிலும் சனிக்கிழமைகளிலும் ஒவ்வொரு ஊராகப் போனார். தேவனஹள்ளி, மாலூர், ஆனேக்கல், நெலமங்கலா, மாகடி. போர்டைக் கழற்றிச் சிப்பை மாற்றி, கரண்டை வேண்டுமென்றே நிறுத்திப் போட்டு, முதலிலிருந்து எண்ணுகிறதா என்று பார்ப்பார். டேப்பில் கோடு கறுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். சில இடங்களில் அந்த அறையில் பயன்படுத்திய பஞ்சு வாளியில் கிடக்கும், ஈக்கள் மொய்க்கும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். ஒவ்வொரு திரையிலும் தான் போட்ட அந்த 2.4.0-ஐப் பார்க்கும்போது, அந்த வாளியே மேல் என்று தோன்றும் என்று என்னிடம் சொன்னார்.

ஒன்பதோ பத்தோ முடிந்திருக்கும். ரவிக்குமார் ஏதோ தேடப் போய், கட்டளையின் பதிவேட்டில் ஒரே நாளில் அறுபது சிப் ஏறியிருப்பதைப் பார்த்தான். பழைய பதிவுகளைப் புரட்டி மார்ச் மாதத்துப் புள்ளியையும் கண்டுபிடித்தான். நம்பர் விவகாரம் அவனுக்கு அதுவரை தெரியாது. டெலிவரி போனது எதுவென்று அவன் கேட்கவே இல்லை. ஒரு நாள் முழுக்கத் தியோடரோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "அது என் புரோகிராம் குரு. சனிக்கிழமை என் பைக்ல போலாம்" என்றான்.

நவம்பருக்குள் ஐம்பத்தாறு முடிந்தது. மிச்சம் நாலில் ஒரு நர்சிங் ஹோம் மூடிவிட்டார்கள். ஒன்று மெஷினை எங்கோ விற்றுவிட்டது. இரண்டு இடத்தில் கம்பெனி லெட்டர் இல்லாமல் உள்ளே விடவில்லை. லெட்டருக்குச் சுந்தரேசனிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார் தியோடர். பதில் வரவில்லை. கடைசியில் தன் பெயரில், தன் வீட்டு விலாசத்தில், டிரஸ்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மார்ச்சில் என்ன செய்தார், யார் கேட்டார், எந்த நம்பருக்குள் எந்தப் புரோகிராம் இருந்தது, எந்த இரண்டு இடம் பாக்கி என்று எல்லாம் அதில் இருந்தது. வேலை போய்விடும் என்று அவர் மனைவி பயந்தார். போனால் போகட்டும் என்று அவரே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

வேலை போகவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். டிரஸ்ட்டிலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது. சுந்தரேசன் அவர்களுக்கு எழுதிய பதிலின் காப்பியை நான் பார்த்தேன். எங்கள் கம்பெனி வாடிக்கையாளர் நலன் கருதித் தானாக முன்வந்து ஐம்பத்தாறு இடங்களில் இலவச மேம்பாட்டு சர்வீஸ் செய்துள்ளது, மீதி இரண்டும் இந்த வாரமே முடிக்கப்படும் என்று இருந்தது. அந்த இரண்டும் நிஜமாகவே அந்த வாரமே முடிந்தன. டிரஸ்ட் திருப்தி அடைந்து அடுத்த ஆர்டரையும் கொடுத்தது. தியோடரின் கடிதத்துக்கு நன்றி தெரிவித்து இரண்டு வரி வந்தது. சுந்தரேசன் ஜெனரல் மேனேஜர் ஆனார். அனுமதியில்லாமல் வெளியூர் போனதற்காகத் தியோடருக்கு ஒரு மெமோவும், அதே மாதம் சிறந்த சேவைக்கான சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழை வாங்க அவர் மேடைக்குப் போகவில்லை.

இரண்டாயிரத்தில் தரச் சான்றிதழுக்காக ஆடிட்டர் வந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக ரெல் கட்டளையைக் காட்டத்தான் சுந்தரேசன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தியோடர் அடித்துக் காட்டினார். ஆடிட்டர் வியந்துபோய், நம்பரைக் கையால் மாற்ற வழி உண்டா என்று கேட்டார். ஒருபோதும் கிடையாது என்றார் சுந்தரேசன்.

"இருந்துச்சு சார்," என்றார் தியோடர். "நான்தான் வெச்சேன். போன வருஷம் மார்ச்சுல வெச்சு ஜூன்ல எடுத்தேன்." பதிவேட்டைத் திறந்து, அந்தத் தேதியையும், தன் பெயரையும், அதற்கு எதிரே இருந்த ஒற்றைப் புள்ளியையும் காட்டினார்.

ஆடிட்டர் தன் நோட்டில் ஒரு வரி எழுதினார். அந்த வரிக்குப் பதில் சொல்வதற்காக, மாற்றத்தின் காரணத்தை வார்த்தைகளில் எழுத வேண்டும் என்று கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒரே வாரத்தில் அந்த வரி தீர்க்கப்பட்டதாக முத்திரை குத்தினார்கள். சான்றிதழ் வந்தது, கண்ணாடி போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள். தியோடர் பிறகு பின்வாசல் வழியாகத்தான் வந்துபோனார்.

அடுத்த வருஷம் வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவரை எடுத்துக்கொண்டார்கள். அதே வேலைதான், ரிலீஸ். ரவிக்குமார்தான் சிபாரிசு செய்தான். அவன் முன்பே அங்கே போயிருந்தான். நான் 2003-இல் ஒரு தடவை லிங்கராஜபுரம் போய் அவரைப் பார்த்தேன். அங்கேயும் மூன்றாம் மாதமே ஒரு மேனேஜர் வந்து கேட்டாராம். கஸ்டமருக்கு ஐந்தாம் வெர்ஷன் என்று சொல்லியாயிற்று, உள்ளே எல்லாம் அப்புறம் வரும், நம்பரை மட்டும் ஐந்து ஆக்கிக் கொடுங்கள் என்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மாட்டேன்னேன். நீங்க வேணும்னா உங்க பேர்ல உக்காந்து அடிங்கன்னேன். அடிக்கல."

ரிலீஸ் ஒன்பது நாள் தள்ளிப்போனதாம். கஸ்டமர் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த மேனேஜர் அதற்குப் பிறகு அவரோடு லிஃப்டில்கூடப் பேசுவதில்லையாம். இதைச் சொல்லும்போது தியோடர் சிரிக்கவில்லை, பெருமைப்படவும் இல்லை. ஹொஸ்கோட்டையில் தையல் பழுத்துக் கிடந்த அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன் என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார், எழுந்து போனோம்.